ஐஆர்சியில் பதிவு செய்த நிக், உறுதிப்படுத்தும் அஞ்சல் வராததால் ஏன் மறைந்துபோகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஐஆர்சி என்ற பழைய எழுத்து அரட்டையில் ஒரு புனைபெயரை, அதாவது நிக்கை, பதிவு செய்தீர்கள். மின்னஞ்சல் அனுப்பியிருப்பதாக, பெயர்ப் பதிவைக் கவனிக்கும் நிக்சர்வ் சொன்னது, அஞ்சல் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பெயர் பதிவாகவே இல்லை என்கிறது. “சும்மா அரட்டை அடிக்க வரும் இடத்தில் மின்னஞ்சல் எதற்கு?” என்று கடைசியில் கோபமாக ஒரு வரி. அஞ்சல் எங்கே போனது என்பதைவிட அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று படுகிறது. சேனல் (அரட்டை அறை) நடத்தியும் உதவிச் சேனல்களில் உட்கார்ந்தும் பல ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எந்த நெட்வொர்க், அதாவது ஒன்றாக இணைந்து ஓடும் எந்த அரட்டைச் சர்வர்களின் கூட்டம், என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்துவதை உறுதியாகவும், இடத்துக்கு இடம் மாறுவதை அப்படியே பெயர் சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐஆர்சியின் அடிப்படை விதிகளில் பெயருக்குச் சொந்தக்காரர் என்று யாருமே கிடையாது. 1988 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் இதை எழுதியபோது, நிக் என்பது அந்த நேரத்து இணைப்புக்கு ஒட்டிய ஒரு சீட்டு மட்டுமே. நீங்கள் வெளியேறிய நொடியில் அடுத்தவர் அதை எடுத்துக்கொள்ளலாம். ஐஆர்சியின் விதிகளை எழுதிவைத்து 1993 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1459 ஆவணமும் நிக் ஒன்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், ஒரே பெயர் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டால் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறதே தவிர, பதிவு, கடவுச்சொல், மின்னஞ்சல் எதையும் பேசவில்லை. பெயர்கள் மோதினால் அந்த ஆவணத்தின்படி இரண்டு பேரையும் துண்டித்துவிட வேண்டியதுதான். சர்வர்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்திருக்கும் நேரம் பார்த்து, மறுபக்கத்தில் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு காத்திருந்து, தொடர்பு திரும்பியதும் உங்களை வெளியே தள்ளுவது அக்காலத்தில் சிலருக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. ஈஎஃப்நெட், ஐஆர்சிநெட் ஆகிய பழைய நெட்வொர்க்குகளில் இன்றும் நிக் பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்கே பெயர்.

இந்தக் கூத்தைத் தாங்க முடியாமல்தான் மற்ற நெட்வொர்க்குகள் சர்வருக்கு மேலே தனியாக ஒரு நிரலை ஓட்டத் தொடங்கின. நிக்சர்வ் அந்த நிரல்தான். சேனலில் நம்மோடு உட்கார்ந்திருக்கும் ஆளைப்போலப் பதில் சொன்னாலும், அதன் பின்னால் இருப்பது ஒரு தரவுத்தளம். நீங்கள் பதிவு செய்யும்போது அதில் ஒரு வரி சேர்கிறது: பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல், பதிவு செய்த நேரம். அந்த நிமிடத்தில் உங்களைப் பற்றி அந்த நிரலுக்கு வேறு எதுவுமே தெரியாது. நீங்கள் தட்டிய முகவரி உங்களுடையதா, எதிர்வீட்டுக்காரருடையதா, கற்பனையா என்பதும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அதற்கு இருக்கும் ஒரே வழி, அந்த முகவரிக்கு ஒரு குறியீட்டை அனுப்பி, அதே குறியீடு திரும்பி வருகிறதா என்று பார்ப்பது.

குறியீடு திரும்பி வந்தால் எது நிரூபணமாகிறது? பதிவு செய்தவரால் அந்த நேரத்தில் அந்த அஞ்சல் பெட்டியைப் படிக்க முடிந்தது. இவ்வளவுதான். உங்கள் உண்மைப் பெயரோ வயதோ ஊரோ நிரூபணம் ஆவதில்லை, நீங்கள் ஒரே ஆள்தான் என்பதுகூட ஆவதில்லை. இருந்தாலும் பயன் உண்டு. யாரோ ஒருவருடைய முகவரியைப் போட்டு அவருக்கு வேண்டாத அஞ்சல்கள் போய்ச் சேருவது தடைபடுகிறது. நூற்றுக்கணக்கில் பெயர்களை வளைத்துப் போடும் தானியங்கி நிரல்களுக்கு வேலை கூடுகிறது. இவற்றைவிட முக்கியமானது, கடவுச்சொல் மறந்துபோகும் அன்று “இது என் பெயர்தான்” என்று நீங்கள் சொல்வதற்கு வேறு எந்தச் சான்றும் இல்லாத இடத்தில் அந்த அஞ்சல் பெட்டி ஒன்றே சான்றாக நிற்கிறது. மின்னஞ்சல் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். மறந்துபோன கடவுச்சொல்லோடு உதவிச் சேனலுக்கு வருகிறவர்களில் பலர், உயிரில்லாத ஒரு முகவரியைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு உதவ நினைத்தாலும் முடியாது. பெயரைக் கேட்டு வந்திருப்பவர் உரிமையாளரா திருடரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

பதிவு மறுநாள் மறைந்ததில் மர்மம் எதுவும் இல்லை. உறுதிப்படுத்தப்படாத பதிவுக்கு ஆயுள் குறைவு. பல நெட்வொர்க்குகளில் ஓடும் ஏத்தீம் என்ற நிரல், ஒரு நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பெயர் காலாவதியாகும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறது. 2021 மே மாதம் தொடங்கிய லிபெரா சாட் நெட்வொர்க் பயன்படுத்துவது இதைத்தான். இன்னொரு பரவலான நிரலான அனோப்பிலும் முன்னிருப்புக் கெடு ஒரு நாள்தான், நிர்வாகி விரும்பினால் மாற்றலாம். ஆகவே உங்கள் பெயரை யாரும் பறிக்கவில்லை, கெடு தாண்டியதும் நிரல் அதைத் துடைத்துவிட்டது. இடையில் வேறொருவர் எடுத்திராவிட்டால் அதே பெயரை மறுபடி பதிவு செய்யலாம். எடுத்துவிட்டாரா என்று நிக்சர்வின் இன்ஃபோ கட்டளை சொல்லிவிடும். உங்கள் சொந்தப் பதிவு உறுதியாகிவிட்டதா என்று பார்க்கவும் அதே கட்டளைதான்.

இனி, அஞ்சல் எங்கே போயிருக்கும். ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொன்னால் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது, ஆனாலும் பாதிப் பேருக்கு அங்கேதான் கிடைக்கிறது. அங்கே இல்லையென்றால் முகவரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். பதிவுக் கட்டளை கொடுத்ததும் நிக்சர்வ் எந்த முகவரிக்கு அனுப்பினேன் என்று முழுதாக எழுதிக்காட்டும், அந்த வரியை மேலே ஏறிப் படித்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் தாமதமாக இருக்கலாம். சில அஞ்சல் சர்வர்கள் முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் முதல் அஞ்சலை “இப்போது வேண்டாம், பிறகு வா” என்று தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும். ஒழுங்கான சர்வர் சில நிமிடமோ சில மணி நேரமோ கழித்து மறுபடி வரும், ஸ்பாம் அனுப்பும் நிரல் பெரும்பாலும் வராது என்பது அதன் கணக்கு. அரட்டை நெட்வொர்க்குகள் தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய சர்வர்களிலிருந்து அஞ்சல் அனுப்புவதால் இந்தச் சந்தேகத்துக்கு அடிக்கடி ஆளாகின்றன. பெரிய அஞ்சல் நிறுவனங்கள் சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் அஞ்சலை விழுங்கிவிடுவதும் உண்டு. அப்போது உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, வேறு நிறுவனத்தின் முகவரியை வைத்துப் பதிவு செய்வதுதான் வழி.

எழுத்துப் பிழைதான் காரணம் என்றால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முகவரியை மாற்றும் செட் ஈமெயில் கட்டளையைக் கொடுத்தால் ஏத்தீம் மறுத்துவிடும். முதல் பதிவை உறுதிப்படுத்தியபிறகு முகவரியை மாற்று என்று சொல்லும். உறுதிப்படுத்தவோ அஞ்சல் வரவேண்டும், அஞ்சலோ தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. இதில் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காமல் டிராப் கட்டளையால் பதிவை அழித்துவிட்டுச் சரியான முகவரியோடு மறுபடி பதிவு செய்யுங்கள். அல்லது ஒரு நாள் பொறுத்தால் பதிவு தானாகவே அழிந்துவிடும். முகவரி சரிதான், அஞ்சல் மட்டும் மறுபடி வேண்டும் என்றால் அனோப்பில் ரீசெண்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஏத்தீம் ஓடும் இடங்களில் பொதுவாக நெட்வொர்க்கின் உதவிச் சேனலில் போய்க் கேட்க வேண்டும். நிர்வாகிகளால் கையாலேயே உறுதிப்படுத்தவும் முடியும், ஆனால் காரணம் கேட்பார்கள்.

அஞ்சல் வந்தபிறகும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அஞ்சலுக்குள் ஒரு முழுக் கட்டளை எழுதியிருக்கும்: சாய்கோட்டோடு எம்எஸ்ஜி, பிறகு நிக்சர்வ், வெரிஃபை, ரெஜிஸ்டர், உங்கள் கணக்கின் பெயர், கடைசியில் எழுத்துகளை அள்ளித் தெளித்ததுபோல ஒரு குறியீடு. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், பல அரட்டை மென்பொருள்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் சாதாரணப் பேச்சாகச் சேனலுக்கு அனுப்பிவிடும். உறுதிப்படுத்தும் குறியீடு இப்படி வெளியே போனால் பெரிய நட்டமில்லை. கடவுச்சொல் இருக்கும் கட்டளை போனால் அதைச் சேனலில் இருக்கும் அத்தனை பேரும் படித்துவிடுவார்கள், உடனே மாற்றியாக வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே நிக்சர்வோடு பேசும் எல்லாவற்றையும் சேனல் சன்னலில் தட்டாமல் சர்வரின் சொந்தச் சன்னலில் தட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. அங்கே தவறாகத் தட்டினாலும் படிக்க ஆள் இல்லை.

இரண்டாவது தடுக்கல் இன்னும் நுணுக்கமானது, புதியவர்களைக் குழப்புவதில் இதற்கே முதலிடம். பதிவு செய்துவிட்டு அஞ்சலுக்குக் காத்திருக்கையில் உங்கள் இணைய இணைப்பு அறுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வருகிறீர்கள். பழைய இணைப்பு செத்துப்போனது சர்வருக்கு இன்னும் தெரியாததால் உங்கள் பெயரில் ஓர் ஆவி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்கள் மென்பொருள் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து உங்களை உள்ளே விடுகிறது. இப்போது குறியீட்டைக் கொடுத்தால், முதலில் உள்நுழைந்துவிட்டு வா என்று ஏத்தீம் திருப்பி அனுப்பும். குறியீடு தவறு என்று அதற்குப் பொருள் இல்லை. உறுதிப்படுத்துகிறவர் அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்து நுழைந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐடென்டிஃபை கட்டளையில் அடிக்கோடு இல்லாத அசல் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழையுங்கள், பிறகு உறுதிப்படுத்துங்கள், வேலை முடிந்துவிடும். இதே விதியால்தான் உறுதிப்படுத்தும் குறியீடு மற்றவர் கையில் கிடைத்தாலும் பெரிதாகப் பயன்படாது. மூன்றாவதாக, பதிவை அழித்து இரண்டாம் முறை செய்திருந்தால் அஞ்சல் பெட்டியில் இரண்டு குறியீடுகள் இருக்கும். கடைசியாக வந்தது மட்டுமே செல்லும்.

மேலே சொன்ன உறுதிப்படுத்தும் கட்டளை ஏத்தீமுக்கு உரியது. அனோப் ஓடும் இடங்களில் கன்ஃபர்ம் என்ற சொல்லும் குறியீடும் போதும். டால்நெட் என்ற நெட்வொர்க்கில் ஆத் என்ற கட்டளை. ஓஎஃப்டிசி என்ற இன்னொன்றில் நெட்வொர்க்கின் வலைத்தளத்தில் நுழைந்து உறுதிப்படுத்திவிட்டுத் திரும்பி வந்து செக்வெரிஃபை என்று சொல்ல வேண்டும். குவேக்நெட் நெட்வொர்க்கின் க்யூ என்ற தானியங்கி நிரல் முறையையே தலைகீழாக்கிவிட்டது. நீங்கள் முகவரியை மட்டும் கொடுக்க வேண்டும், அது கடவுச்சொல்லையே அஞ்சலில் அனுப்பும். ஆகவே இணையத்தில் எங்கோ படித்த கட்டளை உங்கள் இடத்தில் வேலை செய்யாவிட்டால் திகைக்க வேண்டாம். நிக்சர்வுக்கு ஹெல்ப் என்று ஒரு சொல் அனுப்பினால் அதற்குத் தெரிந்த கட்டளைகளை அதுவே பட்டியலிடும்.

முகவரியைக் கொடுப்பது பாதுகாப்பா என்றால், உறுதியானதை முதலில் சொல்கிறேன். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் முகவரி மற்ற பயனர்களுக்குத் தெரியாதபடி முன்னிருப்பிலேயே மறைக்கப்பட்டிருக்கும். இன்ஃபோ கட்டளை கொடுத்துப் பார்த்து, மறைந்திருக்கிறதா என்று நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம், இல்லையென்றால் மறைக்கும் அமைப்பு உண்டு. நிர்வாகிகளுக்கு அது தெரியும், தெரிந்தாக வேண்டும். அஞ்சல் அனுப்ப வேண்டியிருப்பதால் கடவுச்சொல்லைப்போல அதை உருத்தெரியாமல் கலக்கி வைக்கவும் முடியாது. ஆகவே முன்பின் தெரியாத ஒரு சிறிய நெட்வொர்க்கில் சேரும்போது உங்கள் முகவரியை அதை நடத்தும் சிலரிடம் கொடுக்கிறீர்கள் என்பதை அறிந்தே கொடுக்க வேண்டும். வழியிலும் கவனம் தேவை. 6667 என்ற பழைய போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்) வழியாகப் போனால் கடவுச்சொல்லும் முகவரியும் திறந்த அஞ்சலட்டையைப்போலப் பயணம் செய்கின்றன. 6697 போர்ட்டில் மறையாக்கத்தோடு இணைந்தபிறகு பதிவு செய்யுங்கள். பதிவுச் சேவையே இல்லாத நெட்வொர்க்குகளில் நிக்சர்வ் என்ற பெயரை எந்தக் குறும்புக்காரரும் சூட்டிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்காகவே டால்நெட் தன் சேவைச் சர்வரின் முகவரியையும் நிக்சர்வின் பெயரோடு சேர்த்து எழுதச் சொல்கிறது.

எந்த முகவரியைக் கொடுப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் உண்டு. சில நிமிடத்துக்குக் கிடைக்கும் தற்காலிக அஞ்சல் பெட்டிகளைப் பலர் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பயன்படுத்துகிறார்கள். சில நெட்வொர்க்குகள் அவற்றைத் தடுத்து வைத்திருக்கின்றன. தடுக்காத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். ஏத்தீமில் சென்ட்பாஸ் கட்டளை கொடுத்தால் பதிவான முகவரிக்கு ஒரு திறவுச் சொல் போகும். அதைக் கையில் வைத்திருப்பவர் செட்பாஸ் கட்டளையால் புதிய கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளலாம், பழையது தெரிந்திருக்கத் தேவையில்லை. தற்காலிகப் பெட்டிகளில் பலவற்றை முகவரி தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அலுவலக முகவரியும் கல்லூரி முகவரியும் இதற்கு அடுத்த ஆபத்து, அங்கிருந்து கிளம்பும் நாளில் அவை போய்விடும். சொந்த டொமைன் வைத்திருப்பவர் அதைப் புதுப்பிக்க மறந்தால், அடுத்து வாங்குகிறவருக்கு உங்கள் அஞ்சல் போகும். அன்றாடம் திறக்கும் முகவரியைக் கொடுக்கத் தயக்கம் இருந்தால், நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் இன்னொரு முகவரியை இதற்கென்றே உருவாக்கி, அவ்வப்போது திறந்து உயிரோடு வைத்திருங்கள். முகவரியில் கூட்டல் குறி சேர்த்து ஒரு சொல்லை ஒட்டும் வசதி உங்கள் அஞ்சல் நிறுவனத்தில் இருந்தால் அதுவும் நல்ல வழிதான். எங்கிருந்து முகவரி கசிந்தது என்று பின்னால் கண்டுபிடிக்கலாம்.

உறுதிப்படுத்தியபிறகு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதிலும் தவறான எதிர்பார்ப்பு நிறைய. உள்நுழைந்தவர்களை மட்டும் அனுமதிக்கும் சேனல்களில் சேர வழி பிறக்கும். உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி அதனால் தானாக மறையும் என்று சொல்ல முடியாது. சில நெட்வொர்க்குகள் எல்லோருக்கும் மறைக்கின்றன, சில கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு முகமூடி கொடுக்கின்றன. பெயர் என்றென்றும் உங்களிடம் இருக்கும் என்பதும் இல்லை. நீண்ட காலம் உள்நுழையாமல் விட்டால் காலாவதியாகும், அந்தக் கெடு நெட்வொர்க்கின் விருப்பம். ஒரு நெட்வொர்க்கில் உறுதிப்படுத்திய பெயர் மற்றொன்றில் செல்லாது. ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்கில் 2021 மே மாதம் நிர்வாகிகள் மொத்தமாக விலகி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது, எல்லோரும் அங்கே முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன் மாதம் ஃப்ரீநோட் புதிய மென்பொருளுக்கு மாறியபோது பழைய பதிவுகள் அத்தனையும் அங்கேயே காணாமல் போயின. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த பெயரையும் சேனலையும் பலர் ஒரே நாளில் இழந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல்கள் எல்லாம் முறைப்படி உறுதிப்படுத்தப்பட்டவைதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஃபோ கட்டளையால் பெயர் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியென்றால் 6697 வழியாக இணைந்து, முன்பு கொடுத்ததிலிருந்து வேறுபட்ட அஞ்சல் நிறுவனத்தின் முகவரியோடு பதிவு செய்து, உறுதிப்படுத்தி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருங்கள். ஓரிரு மணி நேரத்தில் அஞ்சல் வராவிட்டால் கெடு முடியும்வரை காத்திராமல் அந்த நெட்வொர்க்கின் உதவிச் சேனலுக்குப் போங்கள். பெயரையும், பதிவு செய்த நேரத்தையும், நிக்சர்வ் கடைசியாகச் சொன்ன வரியையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம், கேட்டாலும் கொடுக்க வேண்டாம், உண்மையான நிர்வாகிக்கு அது தேவைப்படாது. மின்னஞ்சல் முகவரியையும் சேனலில் போடாமல், நிர்வாகி என்று உறுதியானவருக்குத் தனிச்செய்தியில் மட்டும் சொல்லுங்கள்.